மாதா டாலர்

பட்டறையில் மின்விசிறியைச் சுற்ற விடமாட்டார்கள், தீ அலையும் என்று. டெல்பினின் முதுகில் வியர்வை ஒரு கோடாக இறங்கி இடுப்பில் போய் நின்றது, நின்ற இடம் அரித்தது, சொறிந்துகொள்ளக் கூச்சமாக இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த உலகநாத ஆசாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. யார் வீட்டுக் குழந்தைக்கோ செய்த கொலுசில் ஒரு முத்தைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். அது முடிந்ததும் இவர்களுடையது. அவருடைய முழங்காலுக்குப் பக்கத்தில், கரி படிந்த ஓட்டுத் துண்டின்மேல், அப்பாவின் வெள்ளி டாலர் கிடந்தது, முகம் மேலே பார்க்க, வெறும் ஓட்டின்மேல், ஐயோ, வெறும் ஓட்டின்மேல். இப்போதே சொல்லிவிடலாம். கொலுசு முடிவதற்குள் சொன்னால் போதும். ஆசாரி, அதில் தீ வைக்காதீங்க, அது நகை இல்லை, அமெரிக்காக்காரன் காசு, பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி, ஒரு பங்கு செம்பு, சூடு பட்டால் அந்தச் செம்பு கறுத்து மேலே வரும், அதைப் போக்க நீங்கள் திராவகத்தில் முக்குவீர்கள், பூந்திக்கொட்டை போட்டுத் தேய்ப்பீர்கள், அப்புறம் அது எடைக்குப் போகிற வெள்ளி, அவ்வளவுதான். ஒரே மூச்சில் சொல்லக்கூடியது. டெல்பின் வாயைத் திறந்தாள். "ஏட்டி, தண்ணி வேணுமா?" என்றாள் கிளாரா அத்தை. வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். திறந்த வாயை அப்படியே மூடுவது அவமானமாக இருந்ததால் ஒரு கொட்டாவி மாதிரி முடித்துக்கொண்டாள். "ராத்திரி எல்லாம் தூங்கலபோல. அப்பன நெனச்சிருப்பா," என்று அத்தை ஆசாரியிடம் சொன்னாள். ஆசாரி ஊதுகுழலை வாயிலிருந்து எடுக்காமலே "ம்" என்றார்.

டாலர். எல்லாம் இந்த ஒரு சொல்லால் வந்தது. செயினில் தொங்குவதும் டாலர், அமெரிக்காவில் புழங்குவதும் டாலர். வேறு எந்த ஊரிலாவது இந்தக் கூத்து நடக்குமா? முருகன் டாலர், பிள்ளையார் டாலர், மாதா டாலர் என்று கழுத்துக்குக் கழுத்து தொங்குகிற ஊரில் ஒரு மனுஷன் சாகும்போது டாலர் என்று சொன்னால் கேட்டவர்கள் எதை எடுத்துக்கொள்வார்கள்? "டாலர டெல்பினுக்குக் குடுத்துரு." போன வருஷம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்பா கடைசியாகச் சொன்னது. அப்போது பக்கத்தில் அம்மா மட்டும் இருந்தாள். டெல்பின் மருந்துக்கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தாள், முன்னால் நின்ற ஆள் இடையில் புகுந்த ஒருவனை விட்டான், இன்னொருவனையும் விட்டான், இவளால் ஒன்றும் சொல்ல முடியவில்லை, திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அடக்கம் முடிந்த வீட்டில் அம்மா அந்த வாக்கியத்தைச் சொன்னாள், அத்தை மாரில் அடித்துக்கொண்டு அழுதாள், "பொம்பளப்பிள்ள கழுத்து மொட்டையா கெடக்கேன்னு எங்கண்ணன் நெனச்சிருக்கான் பாரு, உசுரு போற நேரத்துல!" அப்போதே அது முடிவாகிவிட்டது. வருஷம் திரும்பி, வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆண்டுப் பூசை. அன்றைக்கு டெல்பின் கழுத்தில் டாலர் கிடக்கவேண்டும், சாமியாரிடம் கொடுத்து மந்திரித்துப் போடவேண்டும் என்று அத்தை நேற்று வந்து பீரோவைத் திறந்தாள். அப்பாவின் நீல அட்டை ஆல்பத்தைப் புரட்டினாள், இருபத்துநாலு வட்டங்களில் இருபத்துநாலு பெண் தலைகள். அதில் எது பளபளவென்று இருந்ததோ அதைக் கட்டைவிரலால் நெம்பி எடுத்தாள். பளபளவென்று இருந்தது ஏனென்றால் அதுதான் யார் கையும் அதிகம் படாதது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டில் அடித்தது. அந்த வரிசையிலேயே மிகக் குறைவாக அடித்தது. அப்பா கடைசியாகக் கண்டுபிடித்தது.

"இங்க பாருங்க ஆசாரியாரே," என்று நேற்றுச் சொன்னதையே அத்தை இன்றைக்கும் வந்ததும் சொன்னாள், கண்ணாடி போடாமல் காசைத் தூரத்தில் பிடித்துக்கொண்டு. "தலையச் சுத்திக் கதிரு கதிரா ஒளி. மேல எழுதியிருக்கே, எல், ஐ... லூர்துன்னு போட்டிருக்கு. லூர்து மாதா. கீழ வருஷம். மாதா காச்சி குடுத்த வருஷமா இருக்கும்." ஆசாரி வாங்கித் திருப்பிப் பார்த்தார். "ஏன் அத்தம்மா, மாதான்னா முக்காடு இருக்கணுமில்லா? இந்தப் பிள்ள தலைய விரிச்சுப் போட்டுல்லா நிக்கி?" "ஒமக்கு என்னவே தெரியும்? ரோமாபுரி மாதாவுக்கு முக்காடு கெடையாது." "பின்னால கழுகுல்லா உக்காந்திருக்கு?" "அது பரிசுத்த ஆவி. புறா." "இம்புட்டுப் பெரிய புறாவா!" என்று ஆசாரி சிரித்தார், அத்தையும் சிரித்தாள், "வெளிநாட்டுப் புறா அப்பிடித்தான் இருக்கும், தீனி அப்பிடி," என்றாள். அப்போது சொல்லியிருக்கலாம். சிரிப்போடு சிரிப்பாக, அத்தை, அது லூர்து இல்லை, லிபர்டி, விடுதலை என்று ஒரு பெண்ணாக்கி அடித்திருக்கிறார்கள் என்று சொல்லியிருந்தால் யாருக்கும் வலித்திருக்காது. டெல்பின் அந்தச் சிரிப்பு ஓயட்டும் என்று காத்திருந்தாள். ஓய்ந்ததும் அந்த இடம் மூடிவிட்டது. எப்போதும் இப்படித்தான், பேச்சுக்குள் நுழைய ஒரு வாசல் திறக்கும், உள்ளே போகலாமா என்று செருப்பைக் கழற்றுவதற்குள் சாத்திவிடுவார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அம்மா வந்ததிலிருந்து தெருவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒரு தடவைகூட அந்தக் காசைப் பார்க்கவில்லை.

விளிம்பைத்தான் பிடிக்கவேண்டும். முகத்தில் விரல் படக்கூடாது. இது அப்பா சொன்னது, சொன்னது என்றுகூட இல்லை. மூன்றாம் வகுப்போ நான்காம் வகுப்போ படிக்கையில் டெல்பின் சாப்பாட்டு மேசைமேல் கிடந்த ஒரு டாலரின் கன்னத்தில் பெருவிரலை வைத்துவிட்டாள். கப்பலிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த அப்பா அடிக்கவில்லை, திட்டவில்லை, அதை அவள் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் லென்சை வைத்து நெடுநேரம் பார்த்தார், ரேகை பதிந்துவிட்டதா என்று. அந்தக் கையைப் பார்க்கவில்லை. அன்றைக்குக் காலையில் அடுப்பில் சுட்டு அந்தப் பெருவிரலில் ஒரு கொப்புளம் இருந்தது. வருஷத்தில் ஒன்பது பத்து மாதம் சரக்குக் கப்பலின் எஞ்சின் அறையில் கிடந்துவிட்டு, மிச்ச நாளுக்கு வீட்டுக்கு வருகிற மனுஷர், வந்ததும் குளித்துச் சாப்பிட்டுவிட்டு அந்த மேசையில் வெள்ளைத் துணி விரித்து உட்கார்ந்துவிடுவார். நியூ ஆர்லியன்ஸில் இறங்கி ஒன்று வாங்கினேன், பால்டிமோரில் பழைய காசுக் கடைக்காரன் ஒருவன் ஏமாற்றப் பார்த்தான், பின்பக்கம் கழுகின் சிறகு நுனியில் எஸ் என்று சின்னதாகப் போட்டிருந்தால் சான்பிரான்சிஸ்கோவில் அடித்தது. இதெல்லாம் யாரிடம் சொன்னார்? யாரிடமும் இல்லை. அவரைப் போலவே காசு பார்க்கிற நண்பர் ஒருவர் கொழும்பில் இருந்தார், அவரிடம் தொலைபேசியில். டெல்பின் அடுத்த அறையிலிருந்து கேட்டாள். கேட்டுக் கேட்டு, பிறகு கல்லூரி நூலகத்தில் தேடித் தேடி, அப்பாவுக்கே தெரியாதவற்றையும் தெரிந்துகொண்டாள். எதற்கு? ஒரு நாள் அந்த மேசைக்கு எதிர்ப்பக்கம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்கு.

அது தெரியுமா அப்பா உங்களுக்கு? உங்கள் டாலர்களை ஏன் அடித்தார்கள் என்று? முதல் உலகப் போரின்போது இங்கே ஜனங்கள் காகித நோட்டை நம்பாமல் வெள்ளி ரூபாய் கொடு என்று வெள்ளைக்காரனிடம் நின்றார்கள், அவனிடம் வெள்ளி இல்லை. அமெரிக்காக்காரன் கிட்டங்கியில் சாக்குச் சாக்காகக் கிடந்த பழைய டாலர் காசு இருபத்தேழு கோடியை உருக்கினான், அத்தனையும் முந்தைய ஜாதி, கொழுத்த கன்னமும் கிரீடமுமாக ஒரு பெண் தலை போட்டது. உருக்கிய வெள்ளியில் பெரும்பகுதியைக் கப்பலில் ஏற்றி நம்ம நாட்டுக்கு அனுப்பினான். நம்ம ஊர் ரூபாய் ஆனது, ரூபாயை நம்ம ஜனங்கள் மறுபடி உருக்கினார்கள், தண்டை ஆனது, கொலுசு ஆனது, அரைஞாண் ஆனது. உருக்கிய கணக்குக்குப் புதிதாக அடித்தே தீரவேண்டும் என்று அவர்கள் சட்டத்தில் இருந்தது, அப்படி அடித்ததில்தான் போர் முடிந்த சமாதானத்துக்காக இந்தப் பெண்ணைப் போட்டார்கள், காற்றில் முடி பறக்க, உதடு கொஞ்சம் பிரிந்து, என்னவோ சொல்லப்போகிறவள் மாதிரி. வடிவம் செய்தவருடைய இளம் மனைவிதான் மாதிரி, இத்தாலியிலிருந்து சின்ன வயதில் கப்பலேறி வந்தவள், பள்ளிக்கூடத்து விழாவில் லிபர்டி வேஷம் தனக்குக் கிடைக்காமல் வேறொரு பெண்ணுக்குப் போனதற்கு மனம் உடைந்து போனவளாம். இதையெல்லாம் ஒரு நாள் சொல்லிவிடுவது என்று டெல்பின் துணிந்தாள். அப்பா எந்தத் துறைமுகத்திலோ இருந்தார், வீடியோவில் முகம் கட்டம் கட்டமாக உடைந்து உடைந்து வந்தது. "அப்பா, ஒங்க டாலர்லாம் ஏன் அடிச்சாங்க தெரியுமா? நம்ம ஊரால." "என்னம்மா? கேக்கல." "நம்ம ஊரால அப்பா. இந்தியாவுக்காக உருக்கினதால." "சத்தமே இல்லையே. அம்மாட்ட குடு." அம்மாவிடம் கொடுத்தாள். எம்.ஏ. ஆய்வுக்கு அதையே, வெள்ளி வியாபாரம் என்று, தலைப்பாகச் சொன்னபோது பேராசிரியரும் காதருகே கையைக் குவித்து, "என்னது, வெல்ல வியாபாரமா?" என்றார். வகுப்பே சிரித்தது. கடைசியில் அவள் உப்பளங்களைப் பற்றி எழுதினாள்.

ஆசாரி கொலுசை இடுக்கியால் தூக்கிப் பார்த்தார். முத்து நிற்கவில்லை, கழன்று உருண்டது. "சனியன்," என்று, பற்று பிடிக்க மறுபடி வெங்காரம் தடவினார். டெல்பினுக்கு ஒரு மூச்சு வந்தது. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. சொன்னால் என்ன ஆகும்? அத்தை கேட்பாள், அப்ப ஒங்கப்பன் எதச் சொன்னான், காசையா? ஆமாம் என்று சொல்லவேண்டும். ஒனக்கு எப்பிடித் தெரியும்? அங்கேதான் மாட்டிக்கொள்ளும். ஒரு வருஷமாக அந்த ஒரு வாக்கியத்தைப் பிரித்துப் பிரித்துச் சேர்க்கிறாள். டாலரை டெல்பினுக்குக் கொடு. டாலரை. ஒன்றா இருபத்துநாலா? ஆட்டை மேய்த்தேன் என்றால் ஓர் ஆடா, ஒரு மந்தையா? அஃறிணைக்குப் பன்மை சொன்னால்தான் உண்டு என்கிற மொழியில் சாகிறவன் வேறு எப்படிச் சொல்வான்? டாலரை என்றால் எல்லாவற்றையும்தான். ஆல்பத்தைத்தான். அடுத்த அறையில் ஒருத்தி காது கொடுத்துக்கொண்டிருந்தாள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு நாளும் காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் தெரிந்திருக்கிறது. அந்தப் பெண் தலைகளை விளிம்பில் பிடிக்கத் தெரிந்தவள் இந்த வீட்டில் இவள் ஒருத்திதான் என்று தெரிந்துதான் இவள் பேரைச் சொல்லியிருக்கிறார். இதை நினைத்தால் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்காரும். உடனே இன்னொன்று வரும், அதற்கு அத்தையின் குரல்: பொம்பளப்பிள்ள கழுத்து மொட்டையா கெடக்கேன்னு. ஒருவேளை அதுதான் என்றால்? ஊரில் எந்த அப்பனும் சாகும்போது நினைப்பதைத்தான் இவரும் நினைத்தார் என்றால்? மகள் என்று ஒன்று, அதற்குக் கழுத்து என்று ஒன்று, அதில் தொங்க ஒன்று. அப்படியானால் அவர் அவளைப் பார்க்கவே இல்லை. அப்படியானால் அத்தை செய்வதுதான் சரி. வாயைத் திறந்தால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும். அதனால்தான் வாய் திறக்கவில்லையோ? கூச்சம் கூச்சம் என்று இத்தனை நாள் பேர் வைத்திருந்தது இந்தப் பயத்துக்குத்தானோ? பயந்தாங்கொள்ளி. ஒரு முத்தைப் பற்றவைக்கிற நேரத்துக்குக் கெஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அந்த முத்து இன்னொரு தடவை கழலட்டும் என்று.

கழலவில்லை. கொலுசைத் தண்ணீரில் போட்டார், சுர்ரென்றது. கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு டாலரை எடுத்தார், நடு முகத்தில் பெருவிரலை வைத்து எடுத்தார். டெல்பினின் பல் கூசியது. வெள்ளிக் கம்பியில் ஒரு வளையத்தை முறுக்கி, உச்சியில் இ என்ற எழுத்தின்மேல் வைத்துப் பார்த்து, "இங்கனதான் வரும்," என்றார். "பெருசால்லா இருக்கு அத்தம்மா? தட்டு கணக்கா." "இருக்கட்டும், கண்ணுக்கு நெறைவா இருக்கும். மாதாவ எதுக்கு ஒளிச்சு வைக்கணும்?" அந்த நேரம் அத்தையின் கைபேசி அலறியது. பூசைக்குச் சொல்லியிருந்த பந்தல்காரன். பட்டறைக்குள் சிக்னல் இல்லை, "ஏய், கேக்குதா? கேக்குதாலே?" என்று கத்திக்கொண்டே அத்தை சேலையைத் தூக்கிப் பிடித்துத் தெருவில் இறங்கினாள். "அப்பிடியே எதிர்த்தாப்புல கோலி சோடா சொல்லிட்டு வாரேன் மைனி," என்று அம்மாவைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள். ஆசாரி ஒரு எழுத்தை நகத்தால் சுரண்டி, அழுக்கா வேலைப்பாடா என்று பார்த்தார். அந்தச் சுரண்டல் சத்தம் டெல்பினின் முதுகெலும்பில் ஏறியது. இப்போது. அத்தை இல்லை. இப்போது.

"அம்மா," என்றாள். அம்மா தெருவிலிருந்து முகத்தைத் திருப்பினாள். "அம்மா, அது மாதா இல்ல."

"தெரியும்," என்றாள் அம்மா.

"காசும்மா. அப்பா சேத்துவச்ச காசு. பத்தவச்சா அப்புறம் ஒண்ணுக்கும் ஆகாது. அப்பா சொன்னது செயின்ல போடுற டாலர் இல்லம்மா. காசைத்தான் சொல்லிருக்காங்க. அத அப்பிடியே எங்கிட்ட..." எவ்வளவு சின்னக் குரல், கொசு மாதிரி. "எனக்குன்னு சொல்லிருக்காங்க. வெவரம் தெரிஞ்சவ நான்தான்னு."

அம்மா ஆசாரியை ஒரு தடவை பார்த்தாள். அவர் அடுப்புப் பக்கம் திரும்பி வெங்காரத்தைக் குழைத்துக்கொண்டிருந்தார். அம்மா குனிந்து, முழங்கையைத் தொடைமேல் ஊன்றி, கோயிலில் பாவசங்கீர்த்தனம் பண்ணுகிறவள் மாதிரி முகத்தைக் கிட்டே கொண்டுவந்தாள். வாயில் வெற்றிலை வாசம் இல்லை, கண்ணில் அழுகை இல்லை, ஒன்றும் இல்லை.

"ஒங்கப்பா டாலர்னு மட்டும்தாண்டி சொன்னாவ."

"மட்டும்னா?" என்றாள் டெல்பின்.

"ரெண்டு மட்டம். டாலரு, டாலருன்னு. நான் கைய புடிச்சிட்டுத்தான் இருந்தேன். என்னப் பாத்து இல்ல, ஜன்னலப் பாத்து. அவ்வளவுதான். அப்புறம் மூச்சு இல்ல." அம்மா விரலால் முந்தானை நுனியைச் சுருட்டினாள், விட்டாள். "வீடு நெறைய சனம். கடைசியா என்ன சொன்னாரு, என்ன சொன்னாருன்னு ஒங்க அத்த என்னப் போட்டு உலுக்குறா. என்னத்தச் சொல்ல? பொண்டாட்டி பேரச் சொல்லல, புள்ள பேரச் சொல்லல, காசச் சொன்னாருன்னு சொல்லவா? யாருக்காவது குடுக்கச் சொன்ன மாதிரி இருக்கட்டுமேன்னு தோணிச்சு. எம் பேரச் சேக்க எனக்கே கூச்சமா இருந்துச்சு. ஒம் பேரச் சேத்தேன்."

தெருவில் அத்தை, "நாப்பது நாற்காலி போதும்லே, நாங்க என்ன மாநாடா நடத்துறோம்?" என்று கத்தினாள். டெல்பினுக்கு அது ரொம்பத் தெளிவாகக் கேட்டது. நாற்காலி. டாலரை டெல்பினுக்கு. அந்த வாக்கியத்திலிருந்து அவள் பேரைத் தனியே எடுத்து வைத்தாள், அது சுலபமாக வந்துவிட்டது, ஒட்டவே இல்லாததுபோல. ஐ என்ற உருபையும் எடுத்தாள். மிச்சம் ஒரே சொல், ஜன்னலைப் பார்த்துச் சொன்னது. அதில் ஒன்றா இருபத்துநாலா என்ற கேள்வியே இல்லை. இரண்டு அர்த்தமும் இல்லை. ஒரு வருஷம் இலக்கணம் பார்த்தாளே, அம்மா இட்டுக்கட்டிய வாக்கியத்துக்கு! கோபம் வரும் என்று காத்திருந்தாள். அம்மாவின் மேல் வரவில்லை. பிணம் போன வீட்டில் உட்கார்ந்துகொண்டு, அழுகிற அவகாசத்தில், யார் பேரைச் சேர்ப்பது என்று யோசித்த ஒரு பொம்பிளை. தன் பேர் பொருந்தாது என்று அவளுக்கே தெரிந்திருந்தது. அந்த மேசையைத் துடைத்தவள், வெள்ளைத் துணியைத் துவைத்துக் கஞ்சி போட்டுக் கொடுத்தவள், சாப்பிட வாங்க என்று இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு மூன்றாம் தடவை கூப்பிடாமல் அடுக்களை வாசலில் நின்றவள். டெல்பின் அடுத்த அறையில் கேட்டுக்கொண்டிருந்த அத்தனை வருஷமும், அதற்கு அடுத்த அறையில் இன்னொருத்தி நின்றிருக்கிறாள். லென்சுக்குக் கீழே இருபத்துநாலு பெண்கள் கொடுத்துவைத்துக் கிடந்தார்கள்.

"அப்ப ஏம்மா அத்த இத எடுத்தப்ப சும்மா இருந்தீங்க?"

"அவ எடுத்தா. எடுக்கட்டும்னு இருந்துட்டேன்." அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இப்போதுதான், வந்ததிலிருந்து முதல் தடவையாக, காசைப் பார்த்தாள், நேராக, ஒரு சக்களத்தியைப் பார்ப்பது போலக்கூட இல்லை, விலை கேட்டு வாங்காமல் வந்த சேலையைப் பார்ப்பது போல. "வேண்டாம்னா சொல்லு. எடுத்துட்டுப் போயிருவோம். ஒங்க அத்தகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். ஒனக்குப் பிரியமா?"

பிரியமா? மீதி இருபத்துமூன்று பீரோவில் இருக்கின்றன, நடுவே ஒரு வட்டம் காலியாக. இதைக் கொண்டுபோய்ச் செருகினால் நிறைந்துவிடும். நிறைந்த ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்காரலாம், அப்பா மாதிரியே, ஜன்னல் ஓரம், லென்சோடு, விளிம்பைப் பிடித்து, பின்னால் யாராவது இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட.

ஆசாரி திரும்பினார். டாலரைக் கரித்துண்டின்மேல் வைத்து, வளையத்தை உச்சியில் நிறுத்தி, இடுக்கியால் பிடித்துக்கொண்டார். "என்ன தாயி, வச்சிரவா? அத்தம்மா வரட்டுமா?"

"அவங்க வரவேண்டாம்," என்றாள் டெல்பின். "வைங்க. நல்லா உறுதியா வைங்க ஆசாரி, கழண்டுரக் கூடாது."

ஆசாரி கன்னத்தை உப்பி ஊதினார். தீ மஞ்சளிலிருந்து நீலமாக ஒடுங்கி, ஊசி மாதிரி நீண்டு, அந்தப் பெண்ணின் உச்சந்தலையில் போய் நின்றது. முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு நெற்றியிலிருந்து ஒரு கறுப்பு கிளம்பி, கன்னத்தில் பரவி, கழுத்துக்கு இறங்கியது. டெல்பின் கண்ணை எடுக்கவில்லை. பக்கத்தில் அம்மாவும் எடுக்கவில்லை.